கோட்டையும் அடுக்களையும்

சென்ற ஆண்டு மார்கழி விடுமுறையில் நம் சங்கத்துச் சிறுவர் சிறுமியரை அழைத்துக்கொண்டு ஜான்ஸிக் கோட்டைக்குச் சென்றிருந்தோம். 1613-ஆம் ஆண்டில் ஓர்ச்சா மன்னர் வீர்சிங் தேவ் கட்டிய அக்கோட்டையின் மதிலை நாள்தோறும் பார்த்துக்கொண்டே அலுவலகம் செல்லும் நம்மில் பலர், அதனுள் ஒரு முறைகூட நுழைந்ததில்லை என்பது வேறு கதை. வழிகாட்டி 'கடக் பிஜ்லி' என்னும் பீரங்கியைக் காட்டினார். இராணி இலக்குமிபாய் குதிரையோடு பாய்ந்த இடம் என்று ஒரு மதிலோரத்தையும் காட்டினார். பிள்ளைகள் வாய் பிளந்து நின்றனர். அப்போது எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி எம் சட்டையைப் பிடித்திழுத்து, "மாமா, ராணி வீட்டு அடுப்படி எங்கே?" என்று கேட்டாள். யாம் அதை இந்தியில் வழிகாட்டியிடம் கேட்டோம். அவர் சிரித்துவிட்டு அடுத்த பீரங்கிக்கு நகர்ந்தார்.

குழந்தை கேட்ட கேள்வி எம்மை விடவில்லை. சரித்திரக் கதைகளில் நமக்குள்ள மோகம் சொல்லி முடியாது. கல்கியின் 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை தொடர்கதையாக வந்த காலத்தில் கிழித்துத் தைத்து வைத்த தொகுதிகள் நம் குடியிருப்பில் இன்னும் இரண்டு வீடுகளில் பூசைப் பொருள் போலக் காக்கப்பட்டு வருகின்றன. பள்ளியில் துணைப்பாடமாக யாம் படித்த ஸ்காட்டின் 'ஐவன்ஹோ'வும் அத்தகையதே. அதில் கோட்டை தீப்பற்றி எரிகிறது. வீரர்கள் வாட்போர் புரிகின்றனர். அழகி ஒருத்தி சாளரத்தருகே நிற்கிறாள். ஆனால் அவ்வளவு பேருக்கும் மறுநாள் காலை யார் உலை வைத்தார்? அரிசியோ கோதுமையோ எங்கிருந்து வந்தது? அதற்கு எவர் கணக்கு எழுதினார்? கதாசிரியர்கள் இவற்றைக் கண்டுகொள்வதில்லை. கணக்கெழுதியே தலை நரைத்த எமக்கு அந்தக் கடைசிக் கேள்வியில் ஒரு தனிப் பற்று இருப்பதை அன்பர்கள் மன்னிப்பார்களாக.

அக்கேள்விக்கு விடை தரும் கணக்கு ஒன்று உலகில் உண்டு. இங்கிலாந்து தேசத்துக் கோட்டை ஒன்றின் வீட்டுச் செலவுக் கணக்கு அது, ஆண்டு 1265. தோலினால் ஆன நீண்ட சுருளில், இலத்தீன் மொழியில், நாள் தவறாமல் எழுதப்பட்டது. 1841-இல் அங்கே அச்சேறியது. அதனை ஆராய்ந்த அறிஞர்களின் நூல்களை ஒட்டி, யாம் அறிந்த அளவில் ஈண்டு எழுதுகிறோம்.

அந்த வீட்டின் தலைவி லெஸ்டர் சீமாட்டி எலியனோர். ஜான் மன்னரின் கடைசி மகள். அப்போது அரியணையில் இருந்த மூன்றாம் ஹென்றியின் உடன்பிறந்த தங்கை. இளம் வயதில் மணமாகி, 1231-இல் கைம்பெண்ணாகி, இனி மணப்பதில்லை என்று குருமார் முன்னிலையில் நோன்பு பூண்டவர். அந்நோன்பைக் கைவிட்டு, 1238 ஜனவரியில் சைமன் டி மான்ட்ஃபோர்ட் என்னும் பிரபுவை மறைவாக மணந்தார். நாடே கொதித்தது. கதாசிரியர்களுக்கு இதுவே போதும். யாமோ இருபத்தேழு ஆண்டுகளைத் தாண்டிச் செல்கிறோம்.

அதற்குள் மைத்துனர் இருவருக்கும் பகை முற்றிவிட்டது. மன்னர் மனம்போன போக்கில் ஆளலாகாது என்று பிரபுக்கள் பலர் எழுந்தனர். அவர்களுக்குத் தலைவர் சைமன். 1264 மே 14-இல் லூவிஸ் என்னுமிடத்தில் நடந்த போரில் சைமன் வென்றார். மன்னரும், மன்னரின் தம்பி ரிச்சர்டும், பட்டத்து இளவரசர் எட்வர்டும் சைமன் கைப்பட்டனர். 1265 ஜனவரியில் சைமன் கூட்டிய பாராளுமன்றத்தில் பிரபுக்களோடு நாட்டுப்புற வீரர்களும் நகரத்தாரும் அமர்ந்தனர். இன்று பாராளுமன்ற வரலாறு பேசுவோர் அந்தக் கூட்டத்தைச் சொல்லாமல் விடுவதில்லை. அவ்வாறு நாட்டையே கையில் வைத்திருந்தவரின் வீட்டுக் கணக்குத்தான் அடுத்த மாதம் 19-ஆம் நாள் முதல் நமக்குக் கிடைக்கிறது.

குடும்பம் சில நாளில் ஓடியம் கோட்டையில் வந்து தங்கியது. ஹாம்ப்ஷயர் நாட்டில் ஜான் மன்னர் கட்டிய சிறு கோட்டை. அதன் உட்கோபுரம் எண்கோண வடிவினது. 1216-இல் பிரெஞ்சு இளவரசர் லூயி படையோடு வந்து முற்றுகையிட்டபோது உள்ளே இருந்தவர் பதின்மூன்று பேரே. இரண்டு வாரம் தாக்குப்பிடித்தனர். இன்று இடிந்த சுவரே மிச்சம். அக்காலத்துக் கோட்டை என்றதும் பளிங்குக் கூடத்தை எண்ணிக்கொள்ளல் வேண்டா. சாளரங்கள் பெரும்பாலும் கண்ணாடி அற்றவை. குளிர்காலத்தில் மரக்கதவை அடைத்தால் இருட்டு, திறந்தால் வாடைக்காற்று. தரையில் கோரையைப் பரப்பியிருப்பார்கள். கொழுப்பு மெழுகுவர்த்தியின் நாற்றம் வேறு. கட்டிலைச் சுற்றித் திரை தொங்கவிட்டது அலங்காரத்திற்கன்று, குளிருக்கஞ்சி.

கணக்கின் அமைப்பைச் சொன்னால் எம் அலுவலக நண்பர்கள் வியப்பர். ஒவ்வொரு நாளுக்கும் ஒரு பத்தி. முதலில் அன்று சீமாட்டியோடு உண்டவர் யார் யார் என்ற குறிப்பு. பிறகு ரொட்டி, திராட்சை மது, பார்லி மது, அடுக்களை, குதிரை இலாயம் என்ற வரிசையில் தலைப்புகள். பண்டகசாலை இருப்பிலிருந்து எடுத்தது எவ்வளவு, காசு கொடுத்து வாங்கியது எவ்வளவு என்று தனித்தனியே. குதிரை எத்தனை, புல் எவ்வளவு, ஓட்ஸ் எவ்வளவு. சுருளின் மறுபுறத்தில் சில்லறைச் செலவு: துணி வெளுத்தவள் கூலி, செருப்பு, வண்டி வாடகை, தூதுவர் படி. அந்தத் தூதுவர்களின் பெயர்களைப் பார்த்து யாம் வாய்விட்டுச் சிரித்தோம். ஒருவன் பெயர் 'கோபிதெஸ்டி'. 'தெருவோடு போ' என்று பொருள். மற்றொருவன் 'ஸ்லிங்கவே', 'நழுவிப் போ' எனலாம். கூட இருந்தவர் வைத்த பட்டப்பெயரைக் கணக்கர் அப்படியே பேரேட்டில் ஏற்றிவிட்டார். எந்தத் தணிக்கையாளர் அதை ஆட்சேபித்தாரோ!

நிற்க. உணவுக்கு வருவோம். 1265-இல் ஈஸ்டர் திருநாள் ஏப்ரல் 5-இல் வந்தது. ஆகவே கணக்குத் தொடங்கியபோது கிறித்தவர்களின் நாற்பது நாள் நோன்பும் தொடங்கிவிட்டது. இறைச்சி இல்லை, முட்டை இல்லை, பால், வெண்ணெயும் இல்லை. மீன் மட்டும் உண்டு. மீன் என்றால் உப்பிட்டுப் பீப்பாயில் அடைத்த 'ஹெர்ரிங்' மீன். நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கில், சில நாள் ஆயிரம் வரையில்கூட அது செலவாகியிருக்கிறது. காலையும் மாலையும் அதே மீனைக் கண்ட வேலையாட்களின் முகத்தை நம் தாய்மார்கள் எளிதில் எண்ணிப் பார்க்கலாம். உயர்ந்தோர்க்குப் புது மீனும், பாதாம் பருப்பை அரைத்துப் பிழிந்த பாலும் கிடைத்தன. பசுவின் பால் விலக்கப்பட்ட நாளில் பாதாம் பால்தான் அந்நாட்டுச் செல்வர் அடுக்களைக்குக் கைகொடுத்தது. நமக்குத் தேங்காய்ப் பால் போல.

உண்ணும் முறையும் நாம் நினைப்பது போன்றதன்று. முள்கரண்டி அக்காலத்து இங்கிலாந்தில் உணவு மேசைக்கு வரவில்லை. கத்தியும் கரண்டியும் உண்டு. மற்றபடி கையால்தான் உண்டனர். உண்ணுமுன்பும் உண்டபின்பும் கைகழுவக் கெண்டியும் கிண்ணமும் ஏந்தி ஆள் வருவான். தட்டு எது என்கிறீர்கள்? பழைய ரொட்டியைத் தடிப்பாய் அறுத்து முன்னே வைப்பார்கள். அதுவே நம் வாழையிலை. குழம்பு ஊறிய அந்த ரொட்டி பிறகு வாயிலில் காத்திருக்கும் ஏழைகளுக்குப் போகும். இராபர்ட் க்ரோஸ்டெஸ்ட் என்ற பேராயர், சைமன் குடும்பத்தின் நண்பர், வேறொரு சீமாட்டிக்காக வீட்டு நிர்வாக விதிகள் எழுதிக் கொடுத்திருக்கிறார். தலைவி கூடத்தின் நடுவே, எல்லோரையும் தான் காணவும் எல்லோரும் தன்னைக் காணவும் அமர்ந்து உண்ண வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. அறைக்குள் ஒளிந்து உண்பது அவருக்குப் பிடிக்கவில்லை. நம் வீடுகளில் பந்தியைப் பார்த்துக்கொண்டு நிற்கும் பாட்டிமாருக்கு இதை ஒரு பேராயர் சொல்லித் தர வேண்டியதில்லை.

இனி எம்மை நாற்காலியிலிருந்து எழச் செய்த பதிவு. கிறிஸ்துமஸ் முதல் ஏப்ரல் வரையில் அந்த வீட்டில் செலவான வாசனைச் சரக்குகளின் பட்டியலில் அரிசி இருக்கிறது! 110 இராத்தல், இராத்தல் ஒன்றுக்கு ஒன்றரைப் பென்னி. யாம் பெருக்கிப் பார்த்தோம்: 165 பென்னி. பன்னிரண்டு பென்னி ஒரு ஷில்லிங் என்னும் அக்காலக் கணக்கில் 13 ஷில்லிங் 9 பென்னி. சுருளிலும் அதுவேதான். அந்நாளில் ஒரு கூலியாளின் ஒருநாள் ஊதியம் ஏறத்தாழ ஒரு இராத்தல் அரிசி விலைதான். மத்தியதரைக் கடல் நாடுகளிலிருந்து கப்பலேறி வந்த பொருள். மிளகு, இஞ்சி, குங்குமப்பூ, சர்க்கரை இவற்றோடு சேர்த்துப் பூட்டி வைத்தார்கள். நம் பெண்டிர் மூட்டையாய் அவிழ்த்து முறத்தில் கொட்டும் பண்டத்திற்கு அங்கே பூட்டும் சாவியும்!

அந்த மிளகு நம்முடையது. மலையாளக் கரையில் கப்பலேறி, செங்கடல் வழியே அலெக்சாண்டிரியா சென்று, வெனிஸ் வணிகர் கைமாறி, பின்னரே ஓடியம் கோட்டையின் அம்மிக்கு வந்து சேரும். அரிசியை அவர்கள் எவ்வாறு சமைத்தனர் என்பதை 1390-ஐ ஒட்டி இரண்டாம் ரிச்சர்டு மன்னரின் சமையற்காரர்கள் தொகுத்த 'ஃபார்ம் ஆஃப் க்யூரி' என்னும் பாக நூலால் அறியலாம். அரிசியைக் கழுவி, மண் சட்டியில் இறைச்சிச் சாற்றோடு வேகவைத்து, பாதாம் பால் விட்டு, குங்குமப்பூவால் நிறமேற்றுவது ஒரு முறை. படித்துக் காட்டியபோது எம் வீட்டில், "இது நம்ம பக்கத்துப் புலவு சோறுதானே?" என்ற ஒரே சொல்லால் ஆராய்ச்சி முடிந்தது.

இங்கே ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்கிறோம். இரண்டாண்டுகளுக்கு முன் நம் சங்க மேடையில் நடந்த சோழர் கால நாடகத்தில், சத்திரத்துக் கிழவி வீரனுக்கு மிளகாய்ச் சட்டினி பரிமாறுவதாக வசனம் எழுதியவர் யாமே. மிளகாயும், தக்காளியும், உருளைக்கிழங்கும் அமெரிக்கக் கண்டத்துப் பொருள்கள். 1492-க்குப் பின்பே வெளியுலகம் அவற்றைக் கண்டது. இராசராசர் உண்டதில்லை, எலியனோரும் உண்டதில்லை. இருவர் நாவிலும் காரம் என்றால் அது மிளகின் காரமே. மிளகாய் என்ற பெயரே மிளகை வைத்துத்தானே பிறந்தது? அடுத்த நாடகத்தில் திருத்திக்கொள்வோம்.

மார்ச் மாதத்தில் கணக்கு திடீரென்று பெருக்கிறது. நாற்பது சொச்சம் குதிரைகள் நின்ற இலாயத்தில் 17-ஆம் நாள் 172 குதிரைகள். 19-ஆம் நாள் 334. முதலில் வந்தவர் இளவரசர் எட்வர்டு. அடுத்து வந்தவர் வீட்டுத் தலைவர் சைமனே. எட்வர்டுக்கு எலியனோர் அத்தை முறை. பெயரளவில் விடுதலை அளித்திருந்தாலும் உண்மையில் காவலில் இருந்த இளைஞர் அவர். அத்தை வீட்டுக் கூடத்தில் விருந்தாளியாக அமர்ந்து, தன்னைச் சிறைப்படுத்திய மாமனோடு ஒரே மேசையில் நோன்பு மீனை உண்டார். அவர்கள் என்ன பேசினர் என்று கணக்கர் எழுதவில்லை. ஓட்ஸ் எவ்வளவு என்று எழுதினார். சிறையில் இருந்த தம் அண்ணன் ரிச்சர்டுக்கும் சீமாட்டி துணியும் வாசனைச் சரக்கும் அனுப்பியிருக்கிறார். புகுந்த வீட்டுக்கும் பிறந்த வீட்டுக்கும் இடையே நின்ற பெண்ணின் நிலை இந்தச் செலவுப் பதிவுகளில்தான் தெரிகிறது. எந்தச் சரித்திரப் புத்தகத்திலும் இவ்வளவு தெளிவாக யாம் கண்டதில்லை.

சைமன் இரண்டு வாரம் இருந்தார். ஈஸ்டருக்கு முன்பே படையோடு மேற்கே போனார். குதிரைக் கணக்கு மறுபடி சுருங்கியது. கணவனும் மனைவியும் அதற்குப் பிறகு ஒருவரை ஒருவர் காணவில்லை.

மே 28-இல் ஹெர்ஃபோர்டில் எட்வர்டு தப்பினார். குதிரைகளைச் சோதிப்பதாகச் சொல்லி ஒவ்வொன்றாய் ஏறி ஓட்டிக் களைக்கச் செய்து, களைக்காத கடைசிக் குதிரையில் காவலர் கண்முன்னே பறந்துவிட்டார். கதாசிரியர் எவரும் இதனை விடமாட்டார். செய்தி ஓடியத்துக்கு எட்டியதும் சீமாட்டி செய்ததைக் கணக்கு கூறுகிறது. ஜூன் 1-ஆம் நாள் வீட்டைக் கட்டிக்கொண்டு புறப்பட்டார்.

பெரிய வீட்டார் அக்காலத்தில் அடிக்கடி இடம் மாறியே வாழ்ந்தனர். ஓரிடத்துத் தானியம் தீர்ந்தால் அடுத்த ஊர்; சாக்கடை நாறத் தொடங்கினாலும் அடுத்த ஊர். கட்டில், மெத்தை, பாத்திரம், பூசைப் பொருள், மெழுகுவர்த்தி வரை வண்டியேறும். சமையற்காரர் முன்னே போய் அடுப்பு மூட்டுவார். மாற்றல் உத்தரவு கிடைத்து, அம்மியையும் ஆட்டுக்கல்லையும் கோணியில் சுற்றி, ஐந்து ஊர் மாறிய எமக்கு இது புதிதாகத் தோன்றவில்லை. ஆனால் இந்தப் பயணம் மாற்றல் அன்று, தப்பியோட்டம். தென்கடற்கரையை நோக்கி இறங்கி, உரோமானியர் எழுப்பிய மதிலுக்குள் நிற்கும் போர்ட்செஸ்டர் கோட்டையை அடைந்து, அங்கிருந்து கரையோரமாகக் கிழக்கே சென்றார். வழியில் வின்செல்ஸி துறைமுக நகரத்தாரை அழைத்து விருந்து வைத்தார். கையில் படை குறைவு. கப்பல் வைத்திருப்போர் நட்பு வேண்டும். அதற்கு அவரிடமிருந்த ஆயுதம் அடுக்களை ஒன்றே. ஜூன் 15-இல் டோவர் கோட்டை.

டோவர் குன்றின்மேல் நிற்பது, கீழே கடல், அப்பால் பிரான்சு. நடுவிலுள்ள பெருங்கோபுரம் எலியனோரின் பாட்டனார் இரண்டாம் ஹென்றி 1180-களில் கட்டியது. அங்கும் கணக்கு நாள் தவறவில்லை. ரொட்டி, மது, அடுக்களை, இலாயம்.

ஆகஸ்ட் 4-இல் ஈவ்ஷம் என்னுமிடத்தில் எட்வர்டின் படை சைமனை வளைத்தது. சைமன் வீழ்ந்தார், மூத்த மகன் ஹென்றி அவர் பக்கத்திலேயே வீழ்ந்தான். பிரபுவின் உடலையும் பகைவர் சிதைத்தனர். செய்தி குதிரையேறி நாட்டைக் குறுக்கே கடந்து டோவர் வந்து சேரச் சில நாள் ஆயிற்று. அந்த நாளின் பத்தியில் ஒப்பாரி இல்லை. கணக்கர் வழக்கமான தலைப்புகளையே எழுதினார். பிறகு பிரபுவின் ஆன்ம சாந்திக்காகக் கோயிலில் செலுத்திய காணிக்கை ஒரு செலவாக வருகிறது. அவ்வளவே. எம் தந்தையார் காலமான மாதம், ஈமச் செலவை மாதக் கணக்குப் புத்தகத்தில் மளிகைக்குக் கீழே எழுத நேர்ந்தபோது எம் கை நடுங்கியது நினைவுக்கு வந்தது. எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் அந்தக் கணக்கரும் தன் எஜமானருக்கு அதைத்தான் செய்திருக்கிறார்.

ஆகஸ்ட் மாத இறுதியில் நாட்கணக்கு நின்றுவிடுகிறது. அதன் பிறகு நடந்ததை வேறு ஆவணங்களும் வரலாறுகளும் கூறுகின்றன. எலியனோர் தம் இளைய மக்களைக் கடல் கடத்திப் பிரான்சுக்கு அனுப்பினார். டோவரில் அடைபட்டிருந்த அரசர் பக்கத்துக் கைதிகள் உள்ளிருந்தே கோபுரத்தைக் கைப்பற்றினர். வெளியே எட்வர்டு வந்து நின்றார். அத்தை உள்ளே, மருமகன் வெளியே. அக்டோபரில் கோட்டையை ஒப்படைக்கையில் அவர் பேசிய உடன்படிக்கையில் ஒன்று தம் வீட்டுப் பணியாளரைப் பற்றியது: தமக்கு ஊழியம் செய்த குற்றத்துக்காக அவர்கள் தண்டிக்கப்படலாகாது. எட்வர்டு இசைந்தார். ரொட்டி சுட்டவரும், இலாயம் காத்தவரும், கணக்கெழுதியவரும் அந்தச் சொல்லால் தலை தப்பினர்.

அக்டோபர் முடிவதற்குள் எலியனோர் கப்பலேறினார். பிறந்த நாட்டுக்கு மீளவில்லை. பிரான்சில் மான்டார்ஜி என்னும் ஊர்க் கன்னிமாடத்தில் தங்கி, 1275-இல் அங்கேயே மறைந்தார். கணக்குச் சுருளும் அம்மடத்திலேயே இருந்தது. பிரெஞ்சுப் புரட்சியின்போது மடங்கள் கலைக்கப்பட்ட பின்பு வெளிவந்து, பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலண்டனை அடைந்தது. இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளது.

மடத்துக்குப் போகிறவருக்கு ஹெர்ரிங் மீன் கணக்கும் ஓட்ஸ் கணக்கும் எதற்கு என்று முதலில் எமக்குத் தோன்றியது. இதை ஏன் கொண்டுபோனார்? கடன் தீர்க்கவோ வழக்குக்கோ தேவைப்படலாம் என்று எம் அலுவலக மூத்தவர் ஒருவர் சொன்னார். இருக்கலாம். எமது எண்ணம் வேறு. சைமன் வீட்டில் இருந்த அந்தக் கடைசி இரண்டு வாரம், மார்ச் 19 தொடங்கி நாள் நாளாக, 334 குதிரைகளோடு, அந்தச் சுருளில்தான் இருக்கிறது.